முன்பணம் கட்டிய அன்பு: மரில்லியன் இசைக்குழுவும் அதன் ரசிகர்களும்

1997ஆம் ஆண்டில் மரில்லியன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு புதிய ஆல்பம் ஒன்றை வெளியிட்டிருந்தது. அமெரிக்கா சென்று அதை மேடையில் இசைக்கக் குழுவுக்கு விருப்பம் இருந்தது, பணம் இல்லை. அந்தப் பயணத்தில் வரக்கூடிய நட்டத்தை ஏற்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை. கீபோர்டு கலைஞர் மார்க் கெல்லி இந்த நிலைமையை ரசிகர்களின் மின்னஞ்சல் குழுவில் விளக்கினார். உதவி எதுவும் கேட்கவில்லை, ஏன் வர இயலாது என்று மட்டும் சொன்னார். ரசிகர்கள் தாங்களாகவே ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கி ஏறத்தாழ 60,000 டாலர் திரட்டினார்கள். நிதி கொடுத்தது போக, நுழைவுச்சீட்டையும் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். பயணம் நடந்தது.

இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டும் முறையைப் பிரபலமாக்கிய கிக்ஸ்டார்ட்டர் தளம் தொடங்கப்பட்டது 2009இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பழைய பாணி என்று பத்திரிகைகள் ஒதுக்கிவைத்த ஒரு குழுவின் ரசிகர்கள் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். இசை வணிகத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த நிகழ்ச்சியை ஒரு புதுமை என்ற அளவில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவது வழக்கம். ஆனால் பணம் திரட்டிய விதத்தைக் காட்டிலும், திரட்டியவர்களின் மனநிலைதான் ஆராயத்தக்கது. வானொலியில் ஒலிக்காத, பட்டியல்களின் உச்சியில் இல்லாத ஒரு குழுவுக்காக, இன்னும் நடக்காத ஒரு கச்சேரிக்குப் பணம் கட்டும் அளவுக்கு ஒரு ரசிகக் கூட்டம் எப்படி உருவாகிறது? உருவான பின் முப்பது, நாற்பது ஆண்டுகள் அது கலையாமல் இருப்பது எதனால்?

இளமைக் கால நினைவின் ஏக்கம் என்பது எல்லோரும் சொல்லும் விடை. மரில்லியனின் கதை அந்த விடையோடு ஒத்துப்போகவில்லை. இந்த அன்பு நீடித்ததற்குக் காரணம், ரசிகர்கள் செய்வதற்கு ஏதோ ஒரு வேலை எப்போதும் இருந்துகொண்டே இருந்தது என்பதே. கேட்பதே ஒரு வேலையாக இருந்தது. பிறகு குழுவைத் தாங்கிப் பிடிப்பதும் அவர்கள் வேலையாயிற்று.

பொறுமை கேட்கும் இசை

மரில்லியன் வாசிக்கும் புரோகிரசிவ் ராக் என்ற இசைவகை 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் பிறந்தது. கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் யெஸ், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர், வான் டர் கிராஃப் ஜெனரேட்டர் போன்ற குழுக்கள் மூன்று நிமிடப் பாட்டு என்ற வரம்பை உடைத்தன. 1972இல் வெளிவந்த ஆல்பங்களில் யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடியது, ஜெனிசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’ ஏறத்தாழ இருபத்து மூன்று நிமிடம். இரண்டுமே இசைத்தட்டின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டவை அல்லது கிட்டத்தட்ட அடைத்துக்கொண்டவை. மேற்கத்திய செவ்வியல் இசையிலிருந்து பல பகுதிகளாகக் கட்டும் முறையை எடுத்துக்கொண்டார்கள். ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் நடக்கும் தாளக் கணக்குகள் வந்தன. பாட்டின் சொற்களில் புராணமும் அறிவியல் புனைவும் கலந்தன. அட்டைப் படம்கூடப் படித்து முடிக்க வேண்டிய பொருளாயிற்று.

இத்தகைய இசை முதல் கேட்பிலேயே முழுவதும் பிடிபட்டுவிடுவதில்லை. ஒரு மெட்டு பத்தாவது நிமிடத்தில் வேறு வேகத்தில் திரும்பி வருவதைக் கண்டுகொள்ள, முதலில் வந்த மெட்டு நினைவில் இருக்க வேண்டும். அழகியலைச் சோதனைச் சாலையில் ஆராய்ந்த உளவியலாளர் டேனியல் பெர்லின், மிக எளிமையான பொருளும் மிகச் சிக்கலான பொருளும் நமக்கு அதிக இன்பம் தருவதில்லை, இடைப்பட்ட சிக்கலே ஈர்க்கிறது என்று 1970களில் வாதிட்டார். பழகப் பழகச் சிக்கல் குறைவதாகத் தோன்றும். இதை இசைக்குப் பொருத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். எளிய பாட்டு சில தடவையிலேயே தன் உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும். சிக்கலான பாட்டோ தொடக்கத்தில் தள்ளி நிறுத்தும், கேட்கக் கேட்க இன்பத்தை ஏற்றிக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் ஒரே ஆல்பத்துக்குத் திரும்புகிறவர்களின் அனுபவத்தோடு இது பொருந்துகிறது.

உழைத்துப் பெற்ற இன்பத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதை எளிதில் விட்டுக்கொடுக்க மனம் வராது. நாற்பது தடவை கேட்டுப் புரிந்துகொண்ட ஒன்றை ‘வெறும் ஆடம்பரம்’ என்று ஒரு விமர்சகர் ஒதுக்கும்போது, ரசிகருக்கு அது தன் காதுக்கு நேர்ந்த அவமதிப்பாகவே படும். 1976–77இல் பங்க் அலை எழுந்தபோது பிரிட்டிஷ் இசை வார இதழ்கள் புரோகிரசிவ் ராக்கைக் கேலிப்பொருள் ஆக்கின. அந்தக் கேலி இவ்வகை இசையின் சந்தையைச் சுருக்கியது, ஆனால் எஞ்சி நின்றவர்களை நெருக்கமாக்கிவிட்டது.

உச்சியும் பிளவும்

மரில்லியன் தோன்றியது இந்தப் பாதகமான காலத்தில்தான். 1979இல் லண்டனுக்கு வடமேற்கே பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள எய்ல்ஸ்பரி என்ற சந்தை நகரத்தில் குழு உருவாயிற்று. டோல்கீனின் ‘சில்மரில்லியன்’ நூலின் பெயரைச் சுருக்கித் தனக்குச் சூட்டிக்கொண்டது. 1981இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஃபிஷ் பாடகராக வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், முகத்தில் வண்ணப் பூச்சு, கவிதைச் செறிவான வரிகள். 1982இல் இ.எம்.ஐ. நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்வாண்டு வெளிவந்த முதல் சிங்கிளின் பெரிய இசைத்தட்டில் மறுபக்கம் இருந்த பாட்டு பதினேழு நிமிடம் ஓடியது. பங்க் வெற்றிபெற்ற பின்னரும் இப்படி ஒரு தட்டை வெளியிட்டது, தங்களுக்கு யார் வேண்டும், யார் வேண்டாம் என்று குழுவே அறிவித்ததற்குச் சமம்.

1985 கோடையில் எதிர்பாராதது நடந்தது. ‘மிஸ்பிளேஸ்ட் சைல்ட்ஹுட்’ ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அதிலிருந்த ‘கேலே’ என்ற காதல் பாட்டு இரண்டாம் இடம் வரை ஏறியது. பிராட்ஃபோர்டு கால்பந்து மைதானத் தீ விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பல கலைஞர்கள் சேர்ந்து பாடிய நிதி திரட்டும் பாட்டு முதலிடத்தில் இருந்ததால், அது மேலே போகவில்லை. அதுவரை அரிதாக இருந்த கேலே என்ற பெயர் அப்பாட்டுக்குப் பின் பிரிட்டனில் பெண் குழந்தைகளுக்கு இடும் பெயர்களில் ஒன்றாகப் பரவியது. பாட்டு வானொலியைக் கடந்து பிறப்புப் பதிவேடுகளிலும் ஏறிவிட்டது.

1988இல் ஃபிஷ் குழுவை விட்டு விலகினார். முகமும் குரலும் வரிகளும் அவருடையவை என்பதால், பெரும்பாலானோர் கணக்கில் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். 1989இல் ஸ்டீவ் ஹோகார்த் வந்தார். முன்னவரை நகல் எடுக்க அவர் முயலவில்லை. குரல் வேறு, சொல்லும் விஷயங்கள் வேறு. ஃபிஷ் காலத்து ரசிகர்களில் ஒரு பகுதியினர் விலகிப்போய், அவருடைய தனி இசைப் பயணத்தைப் பின்தொடர்ந்தார்கள். தங்கிவிட்டவர்களும் புதிதாக வந்தவர்களும் வேறொரு குழுவின் ரசிகர்களாக மாறினார்கள். கிட்டார் ஸ்டீவ் ராதரி, பாஸ் கிட்டார் பீட் ட்ரவாவஸ், கீபோர்டு மார்க் கெல்லி, டிரம்ஸ் இயன் மோஸ்லி, குரல் ஹோகார்த் என்ற ஐவர் அணி அதன் பிறகு மாறவேயில்லை. ராக் உலகில் இது அபூர்வம். யெஸ், கிங் கிரிம்சன் போன்ற குழுக்களின் வரலாறு பெரும்பாலும் ஆட்கள் வருவதும் போவதுமான வரலாறு. இங்கே ஒருமுறை உடைந்தது, பிறகு உறுதியாக ஒட்டிக்கொண்டது.

கம்பெனி கைவிட்ட பிறகு

1994இல் வந்த ‘பிரேவ்’, செவர்ன் பாலத்தில் தனியே நடந்துகொண்டிருந்த, பேச மறுத்த ஓர் இளம்பெண்ணைப் பற்றிய வானொலி அறிவிப்பிலிருந்து முளைத்த ஆல்பம். எழுபது நிமிடத்துக்கு ஒரே கதை. இன்று ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது அதைத்தான், அன்று அது இ.எம்.ஐ. எதிர்பார்த்த விற்பனையைத் தரவில்லை. 1995இல் இன்னோர் ஆல்பத்துக்குப் பின் நிறுவனம் குழுவை விடுவித்தது. காஸில் என்ற சிறிய நிறுவனத்தோடு மூன்று ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. முதலாவது 1997இல் வந்தது. முதலில் சொன்ன அமெரிக்கப் பயண நிதி அதையொட்டி எழுந்ததுதான்.

அந்த 60,000 டாலர் குழுவுக்கு ஒரு பாடத்தையும் தந்தது. மூன்றாவது ஆல்பம் 1999இல் வந்து ஒப்பந்தம் தீர்ந்தபோது, புது நிறுவனம் ஒன்றிடம் முன்பணம் வாங்கும் வழக்கமான பாதையை விட்டு, தங்களிடம் முகவரி இருந்த ஏறத்தாழ 6,000 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். ஒரு பாட்டுகூட இன்னும் எழுதப்படாத ஆல்பத்துக்கு இப்போதே பணம் கட்டுவீர்களா என்று கேட்டார்கள். 12,000க்கும் மேற்பட்ட முன்பதிவுகள் வந்தன. 2001இல் ‘அனோரக்னோஃபோபியா’ வெளியாயிற்று. இ.எம்.ஐ. திரும்பி வந்தது, இம்முறை விநியோகம் செய்வதற்கு. உரிமை குழுவின் கையில் இருந்தது.

ஒரு சிறு கணக்கைப் பார்த்தால்தான் இதன் எடை தெரியும். இசைத்தட்டு நிறுவனம் தரும் முன்பணம் உண்மையில் ஒரு கடன். பதிவுச் செலவு, காணொளிச் செலவு, விளம்பரத்தில் ஒரு பகுதி என எல்லாம் கலைஞரின் பங்கிலிருந்து கழிக்கப்படும். கடன் அடையும்வரை உரிமைத் தொகை கைக்கு வராது. லட்சக்கணக்கில் விற்றும் கடனில் நிற்கும் குழுக்கள் ஏராளம். நேரடியாக விற்றால் பத்தாயிரம் பிரதியே ஐவருக்கும் ஒரு ஸ்டூடியோவுக்கும் வருமானமாகிவிடும். சிறிய கூட்டம் போதும், ஆனால் அது கைவிடாத கூட்டமாக இருக்க வேண்டும். ஒரு கலைஞர் வாழ்வதற்கு ஆயிரம் உண்மையான ரசிகர்கள் போதும் என்று கெவின் கெல்லி எழுதிய கட்டுரை 2008இல் உலகெங்கும் பேசப்பட்டது. மரில்லியன் அதற்குள் ஏழு ஆண்டுகள் அப்படித்தான் வாழ்ந்திருந்தது.

2004இல் வந்த ‘மார்பிள்ஸ்’ ஆல்பத்தில் இந்த முறை இன்னும் கூர்மையடைந்தது. முன்பதிவுப் பணம் விளம்பரத்துக்கு ஒதுக்கப்பட்டது. குறித்த நாளுக்குள் பணம் கட்டியவர்களின் பெயர்கள் ஆல்பத்தோடு வந்த புத்தகத்தில் அச்சாயின. கடைகளில் ஒற்றை வட்டு மட்டும் கிடைத்தது, குழுவிடமே வாங்கியவர்களுக்கு இரட்டை வட்டு. அட்லாண்டிக் பெருங்கடலை இரு திசையிலும் தனியே துடுப்புப் போட்டுக் கடந்த டான் அல்லமை நினைத்து எழுதிய, பதினெட்டு நிமிடத்தை நெருங்கும் ‘ஓஷன் க்ளவுட்’ அந்த இரட்டை வட்டில்தான் இருந்தது. குழுவின் மிகப் பெரிய பாட்டுகளில் ஒன்று, கடைக்குப் போனவர் கண்ணில் படவேயில்லை. அதே சமயம் ‘யூ ஆர் கான்’ என்ற சிங்கிளை ரசிகர்கள் ஒரே வாரத்தில் திட்டமிட்டு வாங்கி, பிரிட்டிஷ் பட்டியலில் ஏழாம் இடத்துக்கு உயர்த்தினார்கள். பதினேழு ஆண்டுகளாகச் சிங்கிள் பட்டியலின் முதல் பத்தைப் பார்க்காத குழு அது.

கொடையும் பதில் கொடையும்

இதை வெறும் வணிகத் தந்திரம் என்று சுருக்கிவிட முடியாது. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் எழுதிய கொடை பற்றிய ஆய்வில், கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது என்ற மூன்று கடமைகள் மனிதர்களை ஒருவரோடு ஒருவர் பிணைக்கின்றன என்றார். சந்தையில் காசு கொடுத்துப் பொருளை வாங்கியதும் உறவு தீர்ந்துவிடுகிறது. கொடையில் உறவு அப்போதுதான் தொடங்குகிறது, ஏனென்றால் ஏதோ ஒரு பக்கம் எப்போதும் பாக்கி நிற்கும்.

மரில்லியனுக்கும் ரசிகர்களுக்கும் இடையே நடந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முன்பதிவு செய்தவருக்குப் பொருள் கிடைக்கிறது, ஆகவே அது வாணிகம். ஆனால் பொருள் எப்படி இருக்கும் என்று தெரியாமலே பணம் தருகிறார், ஆகவே அது நம்பிக்கை. குழு அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எளிய ஆல்பம் ஒன்றைச் செய்து ஒப்பேற்றிவிட முடியாது. பட்டியலில் இடம்பிடிக்கும் பாட்டு ஒன்றாவது வேண்டும் என்று நெருக்கும் நிறுவன அதிகாரி இல்லாதபோது, நீளமான பாட்டுகள் இன்னும் நீண்டன. 2012இல் வந்த ‘காஸா’ பதினேழு நிமிடம். 2016இல் வந்த ஆல்பத்தின் பெரும் பகுதி பல அடுக்குப் பாட்டுத் தொகுதிகள். பணம் மூச்சு கொடுத்தது. அந்த மூச்சு மீண்டும் சிக்கலான இசையாக வெளிவந்தது. அந்தச் சிக்கல் ரசிகரைக் கட்டிப்போட்டது. இந்தச் சுழற்சியில்தான் நீடிப்பின் இரகசியம் இருக்கிறது.

பழைய காலத்துப் புரவலர் ஒருவராக இருந்தார். அவர் மனம் மாறினால் பாணன் வேறு ஊர் பார்க்க வேண்டும். பிந்தைய காலத்து நிறுவனமும் ஒற்றைப் புரவலர்தான், அதன் மனம் லாபக் கணக்கில் இருந்தது. இங்கே பல்லாயிரம் சிறிய புரவலர்கள். ஒவ்வொருவரும் கொடுப்பது அதிகம் இல்லை, ஒருவரும் ஆணையிட முடியாது. நூறு பேர் விலகினாலும் குழு நிற்கும்.

2021இல் இந்த ஏற்பாடு கடுமையான சோதனைக்கு உள்ளானது. கொரோனாத் தொற்று இன்னும் ஓயவில்லை. பிரிட்டனில் நவம்பர் மாதக் கச்சேரிகளுக்குக் காப்பீடு கிடைக்கவில்லை. குழுவில் ஒருவருக்குத் தொற்று வந்தாலும் பயணம் முழுவதும் ரத்தாகிப் பெரும் நட்டமாகும். ரசிகர்களிடம் பிணைத் தொகை கேட்டார்கள். பயணம் நல்லபடியாக முடிந்தால் பணம் திரும்பும், முடியாவிட்டால் நட்டத்தை அது ஈடுகட்டும். ‘லைட்சேவர்’ என்ற இந்தத் திட்டத்துக்குத் தேவையான தொகை சேர்ந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க மறுத்த அபாயத்தை ரசிகர்கள் ஏற்றார்கள். 1997இன் செயல் மேலும் முதிர்ந்த வடிவில் திரும்பியிருந்தது.

மூன்று நாள் ஊர்

பணம் ஒரு பக்கம். ஆட்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வது மறுபக்கம். 2002இல் இங்கிலாந்தின் கடலோர விடுமுறை முகாம் ஒன்றில் மரில்லியன் முதல் வாரஇறுதிச் சந்திப்பை நடத்தியது. பிறகு அது நெதர்லாந்தின் போர்ட் ஸேலாந்து, கனடாவின் மாண்ட்ரியால் போன்ற இடங்களுக்கும் பரவியது. மூன்று இரவுகள், மூன்று கச்சேரிகள். பல தடவை ஓர் இரவில் ஓர் ஆல்பம் முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார்கள். பகலில் வினாடி வினா, பழைய பொருள்களின் கண்காட்சி, ரசிகர்களின் சொந்தக் குழுக்கள். ‘ஸ்வாப் தி பேண்ட்’ என்றொரு நிகழ்ச்சியில் ரசிகர் ஒருவர் மேடையேறி, ராதரியின் இடத்திலோ மோஸ்லியின் இடத்திலோ நின்று குழுவோடு ஒரு பாட்டு வாசிப்பார். வருடக்கணக்காக வீட்டறையில் பயின்ற கடினமான தாளத்தை, அதைப் படைத்தவர்களோடு சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு இது.

இப்படி ஒரு நிகழ்ச்சி எந்தக் குழுவுக்கும் பொருந்திவிடாது. இசை கடினமாக இருப்பதால்தான் அதை வாசிக்கத் தெரிந்துகொள்வது சாதனையாகிறது. பல நாடுகளிலிருந்து வருவோர் முகாமின் வீடுகளில் மூன்று நாள் சேர்ந்து தங்குகிறார்கள். அடுத்த முறையும் அதே முகங்கள். நட்பும் திருமணமும் இங்கே உண்டாகியிருப்பது வியப்பில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒருவர் குழுவுக்காக வருகிறாரா, அங்கே வரும் மனிதர்களுக்காக வருகிறாரா என்று பிரிக்க இயலாது. ஒரு சுமாரான ஆல்பம் வந்தாலும் கூட்டம் கலையாமல் இருப்பதற்கு இதுவும் காரணம்.

ஊடகக் கல்வியாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் ரசிகர்களைப் பற்றி எழுதிய நூலில், அவர்கள் கொடுத்ததை விழுங்கும் நுகர்வோர் அல்லர், கிடைத்ததை எடுத்து வேறாக ஆக்குகிறவர்கள் என்று நிறுவினார். அவர் ஆராய்ந்தது தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்களை. மரில்லியனின் ரசிகர்கள் அதையும் தாண்டிச் சென்றார்கள். கதையை மாற்றி எழுதுவதோடு நிற்காமல், கதை தொடர்ந்து எழுதப்படுவதற்கான செலவையும் ஏற்றார்கள்.

ஏக்கம் மட்டும்தானா?

நினைவு பற்றிய உளவியலில் நன்கு நிறுவப்பட்ட ஒன்று உண்டு. நடுவயதைத் தாண்டியவர்களைத் தங்கள் வாழ்க்கையை நினைவுகூரச் சொன்னால், ஏறத்தாழ பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான காலம் மிகுதியாக மேலெழுந்து வரும். அந்தப் பருவத்தில் கேட்ட இசைக்கும் இது பொருந்தும். பழைய ராக் குழுக்களின் பெரும் கச்சேரிகள் இந்த உண்மையின் மேல்தான் நடக்கின்றன. ரசிகர் கேட்க வருவது தன் இருபதாவது வயதை. குழுவும் அதையே பாடிக் கொடுக்கும். நடுவில் புதுப் பாட்டு வந்தால் கூட்டம் பானம் வாங்கக் கிளம்பும்.

மரில்லியன் மேடையில் இது தலைகீழ். கச்சேரிப் பட்டியலில் பெரும்பகுதி ஹோகார்த் காலத்துப் பாட்டுகள், அவற்றிலும் அண்மையில் வந்த நீண்ட பாட்டுகளுக்குத் தனி இடம் உண்டு. ‘கேலே’யை மட்டும் எதிர்பார்த்து வருகிறவர் ஏமாறலாம். 2016 ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் நான்காம் இடத்தையும், 2022இல் வந்த ‘அன் ஹவர் பிஃபோர் இட்ஸ் டார்க்’ இரண்டாம் இடத்தையும் தொட்டன. 1987க்குப் பின் குழு காணாத உயரம் இது. குழுவினர் அறுபது வயதைக் கடந்துவிட்ட நேரம். நினைவின் ஏக்கம் பழைய ஆல்பத்தின் மறுபதிப்பை விற்கும், புதிய ஆல்பத்தை விற்காது.

ஆனால் ஏக்கத்துக்கு இங்கே இடமே இல்லை என்பதும் சரியன்று. இப்பாட்டுகளில் இழப்பு ஓயாமல் வரும் பொருள். 1994இல் பால்டிக் கடலில் மூழ்கி 852 பேரைக் காவுகொண்ட ‘எஸ்டோனியா’ கப்பலைப் பற்றிய பாட்டு, உயிர் பிழைத்த ஒருவரை ஹோகார்த் சந்தித்த பின் எழுதப்பட்டது. ரசிகர்கள் வயதாக வயதாக இத்தகைய பாட்டுகளில் தங்கள் பெற்றோரையும் நண்பர்களையும் வைத்துப் பார்க்கிறார்கள். பாட்டின் பொருள் ஆண்டுதோறும் கனம் கூடுகிறது. இருபது வயதில் அழகிய ஒலியாகக் கேட்டது ஐம்பது வயதில் சொந்த விவகாரமாகிறது. பின்னோக்கிப் பார்க்கும் ஏக்கத்துக்கும் வயதோடு சேர்ந்து வளரும் புரிதலுக்கும் இதுதான் வேறுபாடு.

இதன் விலை

இந்தக் கதையைப் புகழ்மாலையாக முடித்துவிடுவது எளிது. மூன்று இடங்களில் அது இடறுகிறது.

முதலாவது, ரசிகர்களின் சுதந்திர முயற்சி என்று கொண்டாடப்படுவதற்கு அடித்தளம் இட்டது ஒரு பெரு நிறுவனத்தின் பணம். 1980களில் இ.எம்.ஐ. செய்த விளம்பரமும் உலகளாவிய விநியோகமும் இல்லாமல் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் பிரேசிலிலும் மரில்லியனைத் தெரிந்திருக்காது. பின்னாளில் மின்னஞ்சல் பட்டியலாகத் திரண்டது அந்தக் காலத்துக் கூட்டத்தின் வண்டல். இன்று ஒன்றுமில்லாமல் தொடங்கும் இளம் குழுவிடம், ரசிகர்களை நம்பு, நிறுவனம் வேண்டாம் என்று சொல்வது பாதி உண்மை. கைவிடுவதற்கு முன் தூக்கிவிட ஒரு கை அவர்களுக்கு இருந்தது.

இரண்டாவது, நெருக்கமான கூட்டம் மூடிய கூட்டமாகவும் ஆகும். 2001 ஆல்பத்தை அனுப்பும்போது, ‘புரோகிரசிவ் ராக்’, ‘ஜெனிசிஸ்’, ‘ஃபிஷ்’, ‘டைனோசர்’ போன்ற சொற்களைப் பயன்படுத்தாமல் எழுதிப் பாருங்கள் என்று குழு விமர்சகர்களுக்குச் சவால் விட்டது. வெளியில் இருந்தவர்கள் தங்களை ஒரு பழைய சட்டகத்துக்கு வெளியே பார்க்க மறுக்கிறார்கள் என்ற ஆதங்கம் அதில் இருந்தது. ஆனால் உள்ளேயே எல்லாம் கிடைக்கும்போது வெளியாரைத் தேடும் அவசியமும் குறையும். சிறந்த நீண்ட பாட்டை நேரடிப் பிரதியில் மட்டும் வைத்தது விசுவாசத்துக்குப் பரிசு. புதிதாக வரக்கூடியவருக்கு அது தாழிட்ட கதவு. 2008இல் குழு இதை உணர்ந்ததுபோல, திருட்டுத்தனமாகக் கோப்புகளைப் பகிரும் வலையமைப்புகளிலேயே தன் ஆல்பத்தைப் போட்டு, இறக்கிக்கொண்டவர்களிடம் மின்னஞ்சல் முகவரி கேட்டது. திருடனையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் அந்த யோசனை நகைச்சுவையானது, நடைமுறையில் சரியானதும்கூட. மேலும், புரோகிரசிவ் ராக்கின் கூட்டம் பெரும்பாலும் வெள்ளை இன, நடுத்தர வர்க்க ஆண்களின் கூட்டம் என்பதை இவ்வகை இசையின் ஆய்வாளர்கள் தொடக்கம் முதலே சுட்டிவந்திருக்கிறார்கள். மூன்று நாள் முகாமுக்கு விமானச் சீட்டும் தங்குமிடமும் எடுக்க முடிந்தவர்களே அங்கே ஊராகிறார்கள்.

மூன்றாவது, இந்த முறை பரவியபோது இடைத்தரகர்கள் புது வேடத்தில் திரும்பினார்கள். இசைக் கலைஞர்களின் முன்பதிவுகளை நிர்வகித்த ப்ளெட்ஜ்மியூசிக் தளம் 2019இல் நொடித்துப்போய்ப் பல கலைஞர்களுக்குச் சேர வேண்டிய பணம் முடங்கியது. 2016 ஆல்பத்துக்கு மரில்லியனும் அந்தத் தளத்தைப் பயன்படுத்தியதுதான். ஆனாலும் சரிவு அவர்கள் குரல்வளையைப் பிடிக்கவில்லை. காரணம், சொந்த முகவரிப் பட்டியலும் சொந்த ஸ்டூடியோவும் சொந்த விற்பனை ஏற்பாடும் அவர்களிடம் இருந்தன. ரசிகர்களின் அன்பை ஒரு தளத்துக்கு வாடகைக்கு விட்டவர்களுக்கும், அதை நேரில் பராமரித்தவர்களுக்கும் உள்ள வேறுபாடு அப்போது தெரிந்தது.

எது நீடிக்கிறது

பெரும் வெற்றி பெற்ற பல குழுக்களுக்கும் நீண்டகால ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ரசிகர்கள் இல்லாவிட்டாலும் அக்குழுக்கள் இருக்கும். மரில்லியனுக்கு அப்படிச் சொல்ல முடியாது. 2001 முதல் வந்த பல ஆல்பங்கள் குறிப்பிட்ட சிலர் பணம் கட்டியதால் உருவானவை, அதை அந்தச் சிலரும் அறிவார்கள். தன்னால்தான் இது நடந்தது என்று ஓரளவு நியாயமாகவே எண்ணிக்கொள்ள முடிகிற ஒருவர், அதை எளிதில் விட்டுப் போகமாட்டார். நாம் எதற்காகப் பாடுபட்டோமோ அதன்மேல் அன்பு வளர்கிறது; ஏற்கெனவே இருந்த அன்புதான் பாடுபட வைத்தது என்பது பாதிக் கதையே.

இசையின் வடிவமும் வணிகத்தின் வடிவமும் இங்கே ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. இரண்டுமே உடனடிப் பலன் தராதவை. பதினெட்டு நிமிடப் பாட்டுக்குக் காது கொடுக்கப் பழகியவர்கள், ஓராண்டு கழித்து வரப்போகும் ஆல்பத்துக்குப் பணம் கட்டவும் பழகினார்கள். பொறுத்திருந்தால் கிடைக்கும் என்பதை அந்த இசையே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அதனால்தான் இந்தப் பரிசோதனை மூன்று நிமிடப் பாப் இசையில் முதலில் முளைக்காமல், காலாவதியானது என்று எல்லோரும் தீர்ப்பெழுதிய ஒரு வகைமையில் முளைத்தது.

இன்று கேட்பவருக்கு மாதச் சந்தா செலுத்தினால் உலகத்து இசையெல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறது. எந்தப் பாட்டும் அவரிடம் எதையும் கேட்பதில்லை, முப்பது விநாடிக்குள் பிடிக்காவிட்டால் அடுத்ததற்குத் தாவலாம். கலைஞருக்குச் சேர்வது ஒரு கேட்புக்கு மிகச் சொற்பம். இந்த வசதிக்குள் வளரும் ரசனை எந்தக் குழுவை நாற்பது ஆண்டுகள் தோளில் சுமக்கும் என்ற கேள்வியை மரில்லியனின் வரலாறு எழுப்புகிறது. அது தரும் விடை நடைமுறை சார்ந்தது. ரசிகர் நீடிக்க வேண்டுமென்றால் அவரிடம் கொஞ்சம் நேரத்தைக் கேள், கொஞ்சம் பணத்தைக் கேள், கொஞ்சம் நம்பிக்கையைக் கேள். கேட்டதற்கு ஈடான ஒன்றைத் திருப்பிக் கொடு. எதுவுமே கேட்காத இசைக்கு ரசிகர்களும் எதையும் கொடுக்க வேண்டியதில்லை.